இல்லத்தில் இணையம் நின்றால்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா மேடையில் இலக்கியமும் இசையும் நாட்டியமும் இடம்பெறுதல் வழக்கம். அவற்றிற்கு நடுவே, வீட்டுக் கணிப்பொறியில் இணையம் நின்றுவிட்டால் என் செய்வது என்னும் பொருள்பற்றி நாம் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். தலைநகரில் வாழும் தமிழராகிய நமக்கு இணையம் இன்று எத்தகைய துணையாக இருக்கின்றது என்பதைச் சற்றே எண்ணிப் பார்த்தால் அவ்வியப்பு நீங்கிவிடும்.

இச்சங்கத்தினராகிய நாம் கரோல்பாக்கிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் மயூர் விகாரிலும் ஜனக்புரியிலும் பரந்து வாழ்கின்றோம். நம்மிற் பலர் அரசுப் பணியின்பொருட்டு இங்கு வந்து, ஓய்வு பெற்ற பின்னும் இங்கேயே தங்கியவர்கள். பிள்ளைகளோ பெங்களூரிலும் கடல் கடந்த நாடுகளிலும் இருக்கின்றனர். ஊரிலுள்ள உடன்பிறந்தாரின் முகத்தை நாம் காண்பது பெரும்பாலும் திரையிலேதான். கோடை விடுமுறையில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் தட்கால் இடம் வேண்டுமெனில், குளிர்வசதிப் பெட்டிக்குக் காலை 10 மணிக்குத் திரைமுன் அமர்ந்திருத்தல் வேண்டும். நவம்பர் மாதம் வந்தால், ஓய்வூதியம் பெறுவோர் தாம் உயிரோடிருப்பதை அரசுக்குச் சான்றுடன் தெரிவித்தல் வேண்டும். 2014-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஜீவன் பிரமாண் என்னும் முறையால் அதனையும் வீட்டிலிருந்தபடியே செய்து முடிக்கலாம். இத்தனையும் ஒரு மெல்லிய இழையின்மீது தொங்குகின்றன. முதியவர் இருவர் மட்டும் வாழும் வீட்டில் அவ்விழை அறுமாயின், அவ்வீடு ஊரையும் உறவையும் விட்டு ஒரே கணத்தில் தொலைவிற் சென்றுவிடுகின்றது.

அப்போது நம் வீடுகளில் நிகழ்வது யாது? ஒரு சாரார், எதையேனும் தொட்டால் மேலும் கெட்டுவிடுமோ என்று அஞ்சி, அண்டை வீட்டு இளைஞன் அலுவலகத்திலிருந்து வரும்வரை காத்திருக்கின்றனர். மற்றொரு சாரார் பொறுமையிழந்து எல்லாக் கம்பிகளையும் பிடுங்கி, எல்லாப் பொத்தான்களையும் அழுத்தி, எல்லா அமைப்புகளையும் மாற்றிவிடுகின்றனர். முன்னவரிடம் பழுது அப்படியே இருக்கின்றது. பின்னவரிடம் ஒன்று மூன்றாகிவிடுகின்றது. இரு சாராரிடத்தும் உள்ள குறை ஒன்றே. பழுது எங்கே உள்ளது என்பதை அவர்கள் அறியவில்லை.

பழுதை நீக்குவது ஒரு தொழில். அதற்குக் கருவியும் பயிற்சியும் வேண்டும். பழுது இருக்கும் இடத்தைக் காண்பதற்கோ, கண்ணும் பொறுமையும் ஓர் ஒழுங்கும் போதும். முன்னது நிறுவனத்தாரின் கடமை. பின்னது வீட்டுக்குரியவரின் கடமை. இந்த ஒரு கருத்தைத்தான் நாம் இன்று உங்கள் முன் வைக்க விழைகின்றோம்.

தஞ்சை மாவட்டத்து உழவரை நினைத்துக்கொள்ளுங்கள். கடைமடையிலுள்ள அவர் வயலில் ஒரு காலை நீர் வரவில்லை. அவர் உடனே மேட்டூருக்கு ஓடுவதில்லை. முதலில் தம் வயலின் மடை அடைபட்டிருக்கின்றதா என்று பார்ப்பார். பின் வரப்போரமாகவே நடந்து தம் வாய்க்காலைப் பார்ப்பார். அடுத்த வயலுக்கு நீர் பாய்கின்றதா என்று நோக்குவார். அதன்பின்பே மதகையும் ஆற்றையும் பற்றி எண்ணுவார். நம் வீட்டுக் கணிப்பொறியும் ஒரு கடைமடை வயலே. உலகெங்கும் ஓடும் செய்தி வெள்ளம் கடலடிக் கம்பி வழியாகவும், நாட்டின் பெருவழிக் கம்பி வழியாகவும், தெருமுனைப் பெட்டி வழியாகவும் வந்து, கடைசியில் நம் சுவரிலுள்ள சிறு பெட்டியை அடைந்து, அங்கிருந்து கணிப்பொறிக்குப் பாய்கின்றது. தேடும் முறையும் அவ்வுழவரின் முறையே: அண்மையிலிருந்து தொலைவுக்கு, ஒரு நேரத்தில் ஒன்று.

முதலாவது வினா: நின்றது இணையமா, இணையத்தில் ஓர் இடமா? 2021-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் இரவு, வாட்ஸப்பும் ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் உலகெங்கும் சுமார் 6 மணி நேரம் நின்றுபோயின. அந்நிறுவனத்தின் உள்வழிகளைப் பராமரிக்கும்போது நேர்ந்த தவறான ஓர் ஆணையே அதற்குக் காரணம். அவ்விரவில் தம் வீட்டுப் பெட்டியை அணைத்தும் போட்டும் பார்த்தவர் எத்தனை பேரோ! வேறு ஒரு செய்தித்தாளின் பக்கத்தையோ இரயில்வேயின் பக்கத்தையோ திறந்து பார்த்திருந்தால், வாய்க்காலில் நீர் ஓடுகின்றது என்பது அரை நிமிடத்தில் விளங்கியிருக்கும். ஆதலின் ஒரு பக்கம் திறக்கவில்லையெனில், தொடர்பில்லாத வேறு இரு பக்கங்களைத் திறந்து பாருங்கள். அவை திறக்குமாயின் வீட்டில் பழுதில்லை, காத்திருப்பதே மருந்து.

இரண்டாவது வினா: நின்றது ஒரு கருவிக்கா, எல்லாக் கருவிகளுக்குமா? கணிப்பொறியில் வரவில்லையெனில், அதே வைஃபையில் கைப்பேசியைச் சேர்த்துப் பாருங்கள். இங்கே ஒரு கண்ணி உண்டு. வைஃபையில் இணையம் இல்லையென்று கண்டால், கைப்பேசி நமக்குச் சொல்லாமலே தன் சிம் கார்டின் மொபைல் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளக்கூடும். அது பொய்ச்சாட்சி சொல்வது போன்றது. எனவே மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டுப் பிறகே சோதித்தல் வேண்டும். அவ்வாறு செய்தபின்னும் கைப்பேசியில் வருமானால், தெருவிலிருந்து பெட்டி வரை நீர் வந்துவிட்டது. குறை கணிப்பொறியிலோ, பெட்டிக்கும் அதற்கும் இடையிலோதான். இரண்டிலும் வரவில்லையெனில், பெட்டியை நோக்கிச் செல்வோம்.

மூன்றாவதாகப் பெட்டியைப் பார்த்தல். மோடம் என்றும் ரௌட்டர் என்றும் நாம் வழங்கும் அப்பெட்டிக்கு மின்சாரம் வருகின்றதா என்பதே முதற்காட்சி. இது குழந்தைக்கும் தெரிந்ததன்றோ என்று நகைக்க வேண்டா. நம் வீடுகளில் விளக்குக்கும் மின்விசிறிக்கும் இன்வெர்ட்டர் இணைப்பு உண்டு. பெட்டி செருகப்பட்டிருக்கும் பிளக்குக்கு அது இல்லாமல் இருக்கும். மின்சாரம் போன பின்னும் விளக்கு எரிவதால், மின்சாரம் போனதையே நாம் அறிவதில்லை. இணையம் மட்டும் போய்விட்டதாக எண்ணுகின்றோம்.

மின்சாரம் இருப்பின், பெட்டியிலுள்ள சிறு விளக்குகளைப் படியுங்கள். அவை அழகுக்காக வைக்கப்பட்டவையல்ல. நமக்காக எழுதப்பட்ட செய்திகள். இந்நாளில் தில்லியின் பல வீடுகளுக்குக் கண்ணாடி இழையின் வழியே ஒளியாகத்தான் இணையம் வருகின்றது. கண்ணாடி இழையில் நெடுந்தொலைவு செய்தி அனுப்பக்கூடும் என்று 1966-ஆம் ஆண்டில் ஆராய்ந்து காட்டியவர் சார்லஸ் காவ். 2009-ஆம் ஆண்டில் அவருக்கு நோபெல் பரிசு கிட்டியது. அவ்விழையின் நடுவே ஒளி செல்லும் பகுதியின் குறுக்களவு ஏறத்தாழ 9 மைக்ரான். நம் தலைமயிரைவிடப் பன்மடங்கு நுண்ணியது. பெட்டியில் பி.ஓ.என். என்று குறித்த விளக்குப் பச்சையாக நிலைத்து நின்றால், தெருவிலிருந்து ஒளி செவ்வனே வருகின்றது. எல்.ஓ.எஸ். என்று குறித்த விளக்குச் சிவப்பாக எரிந்தாலும் சிமிட்டினாலும், ஒளி பெட்டியை வந்தடையவில்லை. அந்நிலையில் கணிப்பொறியில் நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. ஆயினும் ஒன்று பார்க்கலாம். பீரோவை நகர்த்தியபோதோ, தீபாவளிக்கு வெள்ளையடித்தபோதோ அம்மெல்லிய கம்பி கூர்மையாக மடிந்து நசுங்கியிருக்கக்கூடும். மின்கம்பியைப்போல் கண்ணாடி இழை மடிப்பைத் தாங்காது. கூர்மையாக மடித்தால் ஒளி வெளியே கசிந்துவிடும். மடிப்பிருந்தால் மெல்ல நேராக்கி விடுங்கள். இழையின் முனையைக் கழற்றிக் கண்ணருகே வைத்து உற்றுப் பார்த்தல் மட்டும் ஆகாது. அதனுள் வருவது கண்ணுக்குப் புலனாகாத லேசர் ஒளி.

நான்காவது, பெட்டிக்கும் கணிப்பொறிக்கும் இடைப்பட்ட வழி. கம்பியால் இணைத்திருப்பின், அதன் முனையிலுள்ள சிறு பிளாஸ்டிக் நாக்கு 'டிக்' என்று ஒலித்துப் பொருந்தியிருத்தல் வேண்டும். பழைய கம்பிகளில் அந்நாக்கு முறிந்து, கம்பி செருகியது போலத் தோன்றியும் பொருந்தாமல் இருக்கும். வீட்டைப் பெருக்கும்போது துடைப்பம் பட்டாலே போதும், இணைப்பு அறுந்துவிடும். வைஃபையாயின், மடிக்கணிப்பொறியில் விமானப் படம் பொறித்த விசை தவறுதலாக அழுத்தப்பட்டுள்ளதா என்று பாருங்கள். பின்னர், கணிப்பொறி சேர்ந்திருப்பது நம் வீட்டு வைஃபையிலா, முன்னொரு நாள் சேர்ந்திருந்த அண்டை வீட்டு வைஃபையிலா என்று பெயரைப் படியுங்கள்.

வைஃபை இரண்டு அலைவரிசைகளில் மிகுதியும் இயங்குகின்றது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டித் தொலைவு செல்லும்; 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவு மிக்கது, ஆனால் சுவரைக் கண்டால் தளரும். இரும்பு பீரோவும், நீர் நிறைந்த ஏர் கூலரும் இவ்வலைகளைத் தடுக்கும். மைக்ரோவேவ் அடுப்பு எரியும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை குழம்பும். ஏனெனில் அவ்வடுப்பும் அதே அலைவரிசையை ஒட்டியே இயங்குவது. பெட்டியைச் செருப்பு அலமாரிக்குள் மறைத்து வைத்துவிட்டு, உள்ளறையில் இணையம் தளர்கின்றது என்று நிறுவனத்தாரை நொந்துகொள்வதிற் பயனில்லை. கணிப்பொறியைப் பெட்டியின் அருகே கொண்டுவந்து பார்த்தால் இவ்வையம் உடனே தீரும்.

இதுவரை கண்ணாற் கண்டோம். இனிக் கணிப்பொறியையே வினவலாம். விண்டோஸ் கணிப்பொறியில் கமாண்ட் பிராம்ப்ட் என்னும் கறுப்புத் திரையைத் திறந்து, ஐபிகான்ஃபிக் என்னும் சொல்லை ஆங்கில எழுத்தில் இட்டு என்டர் விசையை அழுத்தினால், கணிப்பொறி தன் முகவரியைக் கூறும். 192.168 என்று தொடங்கும் எண்ணைப் பல வீடுகளிற் காணலாம். அது வீட்டுக்குள் வழங்குவதற்கென ஒதுக்கிய முகவரிகளில் ஒன்று. நம் பெட்டியே அதனைக் கணிப்பொறிக்கு அளிக்கின்றது. மாறாக 169.254 என்று தொடங்குமாயின், பெட்டியிடம் முகவரி கேட்டுக் கிடைக்காமல், கணிப்பொறி தானே தனக்கு ஓர் எண்ணைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். குறை பெட்டிக்கும் கணிப்பொறிக்கும் இடையிலுள்ள அந்தச் சில கெஜத் தொலைவிலேயே இருக்கின்றது.

அதே திரையில் பிங் என்னும் சிறு ஆணையும் உண்டு. 1983-ஆம் ஆண்டில் அமெரிக்கப் படைத்துறை ஆய்வுக்கூடமொன்றிற் பணியாற்றிய மைக் மூஸ் என்பார் அதனை எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலைத் தேட ஒலியை அனுப்பி எதிரொலி கேட்பதுபோல், இவ்வாணை ஒரு முகவரிக்குச் சிறு செய்தியை அனுப்பி மறுமொழிக்குக் காத்திருக்கும். இதனைக் கொண்டு மூன்று கதவுகளை வரிசையாகத் தட்டலாம். முதற்கதவு நம் பெட்டி. அதன் எண், முன்பு கண்ட திரையில் டிஃபால்ட் கேட்வே என்னும் வரியில் இருக்கும். இரண்டாம் கதவு வெளியுலகில் எந்நேரமும் விழித்திருக்கும் ஒரு முகவரி; 8.8.8.8 என்பது நினைவிற்கொள்ள எளிது. மூன்றாம் கதவு, நாம் அறிந்த ஒரு தளத்தின் பெயர்.

முதற்கதவிலேயே மறுமொழி இல்லையெனில், பழுது பெரும்பாலும் வீட்டுக்குள். முதற்கதவு திறந்து இரண்டாவது திறவாவிடில், பெட்டியிலோ பெட்டிக்கு அப்பாலோ பழுது. இரண்டும் திறந்து மூன்றாவது மட்டும் திறவாவிடில், வழி நன்றாக இருக்கின்றது; பெயரை எண்ணாக மாற்றிக் கொடுக்கும் பெயரேட்டில்தான் குறை. டி.என்.எஸ். எனப்படும் இப்பெயரேட்டு முறையை 1983-ஆம் ஆண்டில் வகுத்தவர் பால் மொக்கபெட்ரிஸ். பெயரேடு மறுமொழி தராதபோது, தெருவும் வீடும் அப்படியே இருக்க, தபால்காரருக்கு மட்டும் விலாசம் தெரியாமற்போன நிலை உண்டாகின்றது. பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட்டால் பெரும்பாலும் சரியாகும். ஆகாவிடில் கணிப்பொறியின் அமைப்பில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்னும் பொதுப் பெயரேட்டின் எண்ணை இட்டுப் பார்க்கலாம்.

பழைய கணிப்பொறி வைத்திருப்போர் மற்றொன்றையும் காணல் வேண்டும். திரையின் மூலையில் நாளும் ஆண்டும் சரியாக உள்ளனவா? கணிப்பொறிக்குள் சி.ஆர். 2032 என்னும் காசு வடிவப் பாட்டரி ஒன்று உண்டு; மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓட்டுவது அதுவே. சில ஆண்டுகளில் அது தீர்ந்துவிட்டால், ஒவ்வொரு நாளும் கணிப்பொறி பழைய ஓர் ஆண்டிலேயே கண்விழிக்கும். வங்கி முதலியவற்றின் பக்கங்கள் தம் உண்மையை மெய்ப்பிக்கக் காட்டும் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கடிகாரம் பிழைப்பட்டால் செல்லுபடியாகும் சான்றிதழும் செல்லாததாகத் தோன்றும். இணைப்புப் பாதுகாப்பானதன்று என்னும் எச்சரிக்கை பக்கந்தோறும் வரும். இணையம் போய்விட்டது என்று நாம் மயங்குவோம். நாளைத் திருத்தி, அச்சிறு பாட்டரியை மாற்றினால் மயக்கம் தீரும்.

இனி, அணைத்துப் போடுதல் பற்றி ஒரு சொல். யாரைக் கேட்டாலும் முதலில் இதனைத்தான் கூறுகின்றனர். நாமும் அதனைக் கேட்டுச் சலித்துவிட்டோம். எனினும் அதிற் பொருள் உண்டு. பல நாள் இடைவிடாது ஓடிய பெட்டி, வெப்பத்தாலும் நினைவுக் குழப்பத்தாலும் தடுமாறக்கூடும். தில்லியின் ஜூன் மாத வெயிலில் அது மேலும் இயல்பு. அணைத்துப் போட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கி, நிறுவனத்திடம் புதிதாக முகவரி கேட்டுப் பெறும். முறை இதுவே: பெட்டியின் மின்சாரத்தை நிறுத்துக, ஒரு நிமிடம் பொறுக்க, மீண்டும் போடுக, விளக்குகள் நிலைபெற ஐந்து நிமிடமாவது காத்திருக்க, அதன்பின் கணிப்பொறியையும் ஒருமுறை அணைத்துப் போடுக. இதனைச் செய்வதற்கு முன்பே விளக்குகளின் நிலையைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அணைத்த பின் அச்சாட்சியம் அழிந்துவிடும்.

அணைத்துப் போடுதல் வேறு, ரீசெட் செய்தல் வேறு என்பதையும் மறவாதீர். பெட்டியின் பின்புறம் ஊசித்துளை போன்ற ஒரு துளையினுள் சிறு பொத்தான் இருக்கும். ஊசியால் அதனை அழுத்திப் பிடித்தால், நிறுவனத்தார் இட்டுச் சென்ற பெயரும் கடவுச்சொல்லும் அமைப்புகளும் அழிந்து, பெட்டி தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் நிலைக்குத் திரும்பும். பின் அவற்றை மீண்டும் இடாமல் இணையம் வாராது. அத்துளையை ஒருவரும் தொட வேண்டா.

வீட்டுக்குள் எல்லாம் செவ்வனே இருக்கின்றது எனக் கண்டபின்பே வெளியே நோக்குதல் வேண்டும். முதலில், கட்டணத் தவணை முடிந்துவிட்டதா என்று பாருங்கள். விளக்கெல்லாம் பச்சையாக எரிந்தும் ஒரு பக்கமும் திறவாத வீடுகளில் இதுவும் ஒரு காரணம். பின் மாடிப்படியிற் செல்லும் கம்பியைப் பாருங்கள். அடுத்த வீட்டில் அதே நிறுவனத்து இணைப்பு இருந்தால், அங்கு வருகின்றதா என்று கேளுங்கள். அடுத்த வயலிலும் நீரில்லையெனில் குறை மதகில் என்று உழவர் அறிவதுபோல் நாமும் அறியலாம். நம் ஊரில் கம்பிக்குப் பகைகள் பல: சாலை தோண்டுவோர், மரம் வெட்டுவோர், குரங்குகள். காசியில் கங்கைக்கரையோரம் இட்ட கண்ணாடி இழைக் கம்பிகளைக் குரங்குகள் கடித்துத் தின்றன என்று 2015-ஆம் ஆண்டில் செய்தி வந்தது. இன்னும் அப்பால், 2008-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்கு அருகே கடலடிக் கம்பிகள் அறுந்தபோது, இந்தியாவில் இணையம் தளர்ந்தது. ஆற்றின் தலைமடையிலே உடைப்பு நேர்ந்தால் கடைமடைக்காரர் செய்யத்தக்கது பொறுத்திருத்தலே.

பெரியோர்களே! இவ்வளவும் அறிவதால் நமக்கு விளையும் நன்மை யாது? இரண்டு நன்மைகள் உண்டு.

முதலாவது, நம் சொல்லுக்கு மதிப்பு உண்டாகின்றது. நிறுவனத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, 'நெட் நஹீன் சல் ரஹா ஹை' என்று மட்டும் கூறினால், மறுமுனையில் இருப்பவர், அணைத்துப் போடுங்கள் என்று சொல்லி வைத்துவிடுவார். 'எல்.ஓ.எஸ். பத்தி லால் ஹை' என்று கூறிப் பாருங்கள். பழுது கம்பியில் என்பதை அவர் அக்கணமே உணர்வார். இழையை ஒட்டும் கருவியோடு ஆளை அனுப்பவும் வழி பிறக்கும். இந்தி நன்கு பேச வாராத நம் தாய்மார்களுக்கும் இந்நான்கு சொற்கள் போதும். சரியான ஒரு செய்தியைச் சொல்வோர்க்கு மொழி பெருந்தடையாவதில்லை.

இரண்டாவது நன்மை இதனினும் பெரிது. இணையம் நின்ற பதற்றத்தில், கைப்பேசியில் நிறுவனத்தின் உதவி எண்ணைத் தேடுகின்றோம். அங்கே உண்மையான எண்களோடு வஞ்சகர் இட்டு வைத்த எண்களும் கலந்துள்ளன. அவ்வெண்ணை அழைத்தால், மிகுந்த மரியாதையோடு ஒருவர் பேசுவார். நொடியில் சரிசெய்வதாகக் கூறுவார். ஒரு செயலியைக் கைப்பேசியில் இறக்கச் சொல்வார். அது நம் திரையை அவருக்குக் காட்டும் செயலியாக இருக்கும். பின், பதிவுக் கட்டணமாகப் பத்து ரூபாய் மட்டும் செலுத்துமாறு வேண்டுவார். நாம் வங்கிக் கடவுச்சொல்லை இடும்போது அவர் அதனைப் படித்துக்கொள்வார். வாழ்நாள் முழுதும் உழைத்துச் சேர்த்த பணம் சில நிமிடங்களில் வெளியேறிவிடும். இவ்வாறு ஏமாந்தவர்களில் கற்றோரும் உயர்பதவி வகித்தோரும் உண்டு. அவர்களுடைய அறியாமையைவிட, உதவிக்கு ஏங்கிய பதற்றமே அவர்களைக் கவிழ்த்தது.

எல்.ஓ.எஸ். விளக்குச் சிவப்பாக எரியும்போது, தெருக்கம்பியில் உள்ள பழுதைக் கைப்பேசிச் செயலியால் ஒருவர் எவ்வாறு நீக்க இயலும்? இவ்வொரு வினாவைக் கேட்கத் தெரிந்தவரை அவ்வஞ்சகர் எளிதில் வெல்ல முடியாது. பழுதின் இடம் அறிந்தோர்க்குப் பதற்றம் குறைகின்றது. பதற்றம் குறைந்த இடத்தில் வஞ்சகர்க்கு வேலை இல்லை. உதவி எண்ணை எப்போதும் நிறுவனத்தின் கட்டணச் சீட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். எவர் கேட்டாலும் திரையைக் காட்டும் செயலியை இறக்காதீர், ஓ.டி.பி. எண்ணைச் சொல்லாதீர். எங்கேனும் பணம் பறிபோய்விட்டதெனில், நாணி மறைக்காமல், 1930 என்னும் தேசிய உதவி எண்ணை அக்கணமே அழையுங்கள். விரைந்து தெரிவித்தால் பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்புண்டு.

1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்ட நகரங்களில் நம் தில்லியும் ஒன்று. அந்நாளில் தொலைபேசிக் கம்பி வழியே, கீச்சிடும் ஒலியோடு, ஆமை நடையில் அது வந்தது. அடுத்த அறையில் யாரேனும் தொலைபேசியை எடுத்தால் அறுந்தது. அதனை அன்று பொறுமையோடு கற்றுக்கொண்டவர்கள் இன்று நம்மிடையே மூத்தோராக அமர்ந்திருக்கின்றனர். அந்தப் பொறுமை அவர்களிடம் இன்றும் இருக்கின்றது. வேண்டுவது ஒரு சிறு துணை மட்டுமே.

அத்துணையை இச்சங்கத்து இளைஞர்கள் தர வேண்டுமென்று நாம் கேட்டுக்கொள்கின்றோம். இணையம் நன்றாக ஓடும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில், உங்கள் குடியிருப்பிலுள்ள முதியோரின் வீட்டுக்குச் செல்லுங்கள். பெட்டியில் எந்த விளக்குகள் எந்த நிறத்தில் எரிகின்றன என்பதை ஒரு தாளிற் பெரிய தமிழ் எழுத்தில் எழுதுங்கள். அதனடியில் வாடிக்கையாளர் எண், கட்டணச் சீட்டிலுள்ள உதவி எண், தவணை முடியும் நாள், வைஃபையின் பெயர், 1930 என்னும் எண் ஆகியவற்றையும் குறியுங்கள். அத்தாளைப் பெட்டிக்கு அருகே சுவரில் ஒட்டுங்கள். கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுத வேண்டா. பின் அம்மூத்தவரையே பெட்டியை ஒருமுறை அணைத்துப் போடச் செய்து, விளக்குகள் ஒவ்வொன்றாக மீள்வதை உடனிருந்து காட்டுங்கள். நாமே செய்துவிட்டு வந்தால் அது உதவி. அவர் கையாற் செய்வித்தால் அது கல்வி. அடுத்த முறை இணையம் நின்றால், அவர் அச்சமின்றி அத்தாளின் முன் நிற்பார்.

மூத்தோர்க்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று கருதி வாளாவிருந்துவிடாதீர்கள். கெட்டுவிடுமோ என்று அஞ்சி விலகியும் நில்லாதீர்கள். விளக்கைப் பார்ப்பதாலும், கம்பியை அழுத்திச் செருகுவதாலும், பெட்டியை அணைத்துப் போடுவதாலும் எதுவும் கெட்டுவிடாது. அண்மையிலிருந்து தொலைவுக்கு, ஒரு நேரத்தில் ஒன்று என்னும் நெறியை மட்டும் கைவிடாதீர்கள்.

வரும் நவம்பருக்குள் நம் சங்கத்து முதியோர் இல்லங்கள் ஒவ்வொன்றிலும் அத்தகைய தாள் ஒன்று சுவரில் இருக்குமாறு நாம் அனைவரும் முயல்வோமாக!